வளர்ப்புப் பராமரிப்பில் இருக்கும் பிள்ளைகளுக்கு அவர்களுடைய உரிமைகளை எப்படிப் புரியவைப்பது?

#1 மாலைநேரம்

வணக்கம். சொந்தக் குடும்பத்தோடு இருக்க முடியாமல் வளர்ப்புக் குடும்பங்களில் தங்கியிருக்கும் வளரிளம் பிள்ளைகளோடு வாரம் ஒரு மாலை உட்கார்ந்து பேசும் தன்னார்வலர் நான். வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. அடுத்த மாதம் 'உங்கள் உரிமைகள்' என்று ஒரு மணி நேரம் அவர்களிடம் பேசும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். கையில் நான்கு பக்கத் தாள் ஒன்றும் கொடுத்தார்கள்.

ஒத்திகை பார்ப்போமே என்று ஒரு பிள்ளையிடம் அதைப் படிக்கக் கொடுத்தேன். முதல் பக்கத்தில் பாதி வந்ததும் நிறுத்தினாள். "இதெல்லாம் சரி. ராத்திரி தாகம் எடுத்தா யாரையும் கேக்காம சமையலறைக்குப் போய் தண்ணி குடிக்கலாமா? அது இதுல எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

நான்கு பக்கமும் புரட்டிப் பார்த்தேன். இல்லை. 'கண்ணியத்துடன் நடத்தப்படும் உரிமை' என்று ஒரு வரி இருந்தது, அதற்குள் தண்ணீரும் அடங்கும்தான். ஆனால் அதை அவளிடம் சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது. இந்த வேலையைச் செய்தவர்கள், இதை அனுபவித்தவர்கள் யாராவது சொல்லுங்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது?

#2 மூன்றாம் வீட்டுக்காரி

அந்தத் தாளை எனக்கும் கொடுத்தார்கள். எனக்குப் பதினொரு வயது. முதல் வளர்ப்பு வீட்டுக்குப் போன அதே இரவு. துணிகளெல்லாம் குப்பை போடும் கறுப்புப் பையில் இருந்தன, அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரோ ஏதோ வாசித்தார்கள், பேனாவை நீட்டினார்கள், கையெழுத்துப் போட்டேன். நீட்டினால் போட வேண்டும் என்றுதான் அப்போது தெரியும்.

அந்தக் கையெழுத்து இருப்பதால் கோப்பில் 'உரிமைகள் விளக்கப்பட்டன' என்று ஏறிவிட்டது. என்னைப் பற்றி முடிவெடுக்கும் கூட்டத்தில் நானும் பேசலாம் என்று எனக்குத் தெரிந்தது பதினாறு வயதில். அதையும் அதிகாரிகள் யாரும் சொல்லவில்லை. கூட ஒரு வீட்டில் இருந்த இன்னொரு பெண் சொன்னாள்.

அதனால் மாலைநேரம் அவர்களே, ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்ற நினைப்பை முதலில் விடுங்கள். வீடு மாறி வந்த வாரத்தில் எங்கள் காதில் எதுவும் ஏறாது. சாப்பாடு எத்தனை மணிக்கு, கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா, தம்பி எங்கே இருக்கிறான் என்பதைத் தவிர மண்டையில் வேறு எதுவும் இருக்காது. ஒரு மாதம் கழித்துத் திரும்பச் சொல்லுங்கள். அப்புறம் இன்னொரு தடவை.

#3 சும்மா ஒருவன்

மனதில் பட்டதைச் சொல்கிறேன், திட்டினாலும் பரவாயில்லை. நானும் ஒரு வளர்ப்புத் தந்தை. இப்படி உரிமை உரிமை என்று சொல்லிக்கொடுத்து அனுப்புகிறீர்கள். வீட்டுக்கு வந்து, "என் போனை வாங்கி வைக்க உங்களுக்கு உரிமை இல்லை" என்கிறான். மணி இரவு பதினொன்று. காலையில் பள்ளி. அங்கே பேசிவிட்டு நீங்கள் போய்விடுகிறீர்கள், மல்லுக்கட்டுவது நாங்கள். கடமைகளையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கலாமே?

#4 வாசற்படி

சும்மா ஒருவன் அண்ணா, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஒன்பது வருடமாக நானும் வளர்ப்புத் தாய்தான், இந்த வசனத்தைப் பல குரலில் கேட்டிருக்கிறேன்.

ஆனால் வீட்டு விதி வேறு, உரிமை வேறு. இரவு பத்து மணிக்கு எல்லாருடைய போனும் கூடத்து மேசைக்கு வரும் என்பது விதி. என் சொந்த மகளுக்கும் அதுதான். அதைத் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் தண்டனையாகப் போனை வாங்கி, அதனால் அவன் அம்மாவுக்கோ தங்கைக்கோ பேச முடியாமல் போனால், அது விதி இல்லை.

இதை நான் புத்தகம் படித்துக் கற்கவில்லை, தப்புச் செய்து கற்றேன். என்னிடம் இருந்த பையன் ஒருநாள் ஆத்திரத்தில் கதவை ஓங்கி அறைந்து கண்ணாடியை உடைத்துவிட்டான். "இந்த ஞாயிறு தம்பிகூடப் பேச்சு கிடையாது" என்று சொல்லிவிட்டேன். அவன் சண்டை போடவில்லை, அழவும் இல்லை. ஞாயிறு மாலை நாலு மணிக்கு, வழக்கமாகப் பேசும் நேரத்தில், போன் இருக்கும் மேசைக்குப் பக்கத்தில் தரையில் வந்து உட்கார்ந்தான். மணி அடித்தது. நான் எடுக்கவில்லை. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பக்கம் காத்திருந்த சின்னவன் எந்தக் கண்ணாடியை உடைத்தான்?

மறுநாள் வந்த சமூகப் பணியாளரிடம் நானே சொன்னேன். குடும்பத்தாரோடு உள்ள தொடர்பைத் தண்டனையாக நிறுத்தவே கூடாது என்று அவர் எடுத்துச் சொன்ன பிறகுதான் எனக்கு அது தெரியும். அந்தப் பையனுக்கு முன்னாடியே தெரிந்திருந்தால் என்னிடம் சொல்லியிருப்பான். அப்போது எரிச்சலாகத்தான் இருந்திருக்கும். ஆனாலும் அவன் சொல்லியிருக்க வேண்டும்.

#5 பழைய கோப்பு

ஓய்வுபெற்ற சமூகப் பணியாளன் நான், இருபத்தாறு வருடம் இதே துறை. வாசற்படி அம்மா சொன்னது அப்படியே ஐ.நா.வின் மாற்றுப் பராமரிப்புக்கான வழிகாட்டு நெறிகளில் இருக்கிறது. 2009-இல் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட ஆவணம் அது. பிள்ளைக்கு முக்கியமானவர்களோடு உள்ள தொடர்பைக் குறைப்பதைத் தண்டனையாக ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது என்று அதில் வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள். தெளிவான ஆபத்தோ பிள்ளையின் நலனுக்கான வேறு காரணமோ இருந்தாலொழியக் கூடப்பிறந்தவர்களைப் பிரிக்கக் கூடாது, வறுமையை மட்டுமே காரணம் காட்டிப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து எடுக்கக் கூடாது என்பவையும் அதில் உண்டு.

இதற்கெல்லாம் அடிப்படை 1989-இன் குழந்தைகள் உரிமைகள் உடன்படிக்கை. மொத்தம் 54 பிரிவுகள். பராமரிப்பில் இருக்கும் பிள்ளைக்கு அவ்வளவும் வேண்டாம். பிரிக்கப்பட்டாலும் பெற்றோரோடு தொடர்பு வைத்திருப்பது பிரிவு 9. கருத்தைச் சொல்வது 12. அந்தரங்கம் 16. குடும்பத்தைப் பிரிந்த பிள்ளைக்குச் சிறப்புப் பாதுகாப்பு 20. வைக்கப்பட்ட இடமும் நிலையும் பிள்ளைக்குச் சரியாக இருக்கிறதா என்று அவ்வப்போது திரும்பிப் பார்ப்பது 25. அப்புறம் யாரும் கண்டுகொள்ளாத 42: இந்த உரிமைகளைப் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் தெரியப்படுத்துவது அரசின் பொறுப்பு. அதாவது மாலைநேரம் செய்யப்போகும் அந்த ஒரு மணி நேரம் யாரோ பிள்ளைகளுக்குப் போடும் பிச்சை இல்லை.

ஆனால் இந்த எண்களைப் பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். நான் சொல்லிப் பார்த்து, அவர்கள் கொட்டாவி விட்டதைப் பார்த்தவன்.

எனக்குக் கைகொடுத்தது வேறு. பிரிவு 12-ஐத்தான் பிள்ளைகள் அதிகம் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள், புரியவைப்பவர்களும் தப்பாகச் சொல்கிறார்கள். "உன் கருத்துக்கு மதிப்பு உண்டு" என்கிறோம். பிள்ளை அதை "நான் சொன்னது நடக்கும்" என்று எடுத்துக்கொள்கிறது. நடக்கவில்லை. அதோடு நம்மேல் இருந்த நம்பிக்கை போச்சு, அடுத்த கூட்டத்தில் வாயே திறக்காது. நான் கடைசிப் பத்து வருடம் இப்படித்தான் சொன்னேன்: "உன்னிடம் கேட்பார்கள். உன் வயதையும் பக்குவத்தையும் பார்த்து அதற்கு எடை கொடுப்பார்கள். நீ சொன்னபடியே நடக்கும் என்று உறுதி இல்லை. நடக்கவில்லை என்றால், ஏன் இல்லை என்று உன்னிடம் வந்து சொல்ல வேண்டும்." பெரியவர்கள் எப்போதும் மறப்பது அந்தக் கடைசி வாக்கியத்தை. ஐ.நா. குழந்தைகள் உரிமைக் குழு இதே பிரிவுக்கு 2009-இல் எழுதிய விளக்கத்தில், பிள்ளையிடம் கேட்டதோடு நிறுத்தாமல், அது சொன்னது எப்படிக் கணக்கில் எடுக்கப்பட்டது என்று திரும்பிப் போய்ச் சொல்வதையும் ஒரு படியாகவே வைத்திருக்கிறது.

சும்மா ஒருவன் தம்பிக்கு ஒரு வார்த்தை. கடமையைச் சொல்லித்தரலாம், தவறில்லை. ஆனால் உரிமைக்கு விலையாகக் கடமையை வைக்காதீர்கள். தட்டைக் கழுவாத பிள்ளைக்கும் அம்மாவோடு பேசும் உரிமை உண்டு.

#6 கறுப்பு அங்கி

ஐயா சொன்னதோடு வழக்கறிஞராக ஒன்றிரண்டு. உடன்படிக்கை பொதுவான கூரை, வீட்டின் உள்ளமைப்பு நாட்டுக்கு நாடு மாறும். ஐ.நா. உறுப்பு நாடுகளில் இந்த உடன்படிக்கையை உறுதிசெய்யாத ஒரே நாடு அமெரிக்கா. ஆனால் வேடிக்கை பாருங்கள், அங்கேதான் 2014-இல் வந்த கூட்டாட்சிச் சட்டப்படி 14 வயது நிரம்பிய பிள்ளையின் பராமரிப்புத் திட்டத்தோடு உரிமைகளை விவரிக்கும் ஆவணமும் இருக்க வேண்டும். அதை வயதுக்கேற்ற முறையில் விளக்கினார்கள் என்று பிள்ளை கையெழுத்திட வேண்டும். திட்டம் போடும் குழுவில் வளர்ப்புப் பெற்றோரோ பிள்ளையின் விவகாரத்தைக் கவனிக்கும் பணியாளரோ அல்லாத இரண்டு பேர் வரை பிள்ளையே தேர்ந்தெடுக்கலாம். இங்கிலாந்தில் மீளாய்வுக் கூட்டத்துக்குக் காலக்கெடு உண்டு: முதலாவது 20 வேலைநாளுக்குள், அடுத்தது அதிலிருந்து மூன்று மாதத்துக்குள், பிறகு ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி விடக் கூடாது. அதை நடத்தும் அலுவலர் கூட்டத்துக்கு முன் பிள்ளையோடு தனியாகப் பேச வேண்டும்.

ஆகவே மாலைநேரம், உங்கள் பகுதியின் சட்டத்தைத் தெரிந்த ஒருவரை அரை மணி நேரம் பிடித்து நான்கு கேள்வி கேளுங்கள். மீளாய்வு எப்போதெல்லாம்? பிள்ளைக்காகப் பேச யார்? புகார் எங்கே? எந்த வயதுவரை ஆதரவு? பதிலைப் பெயரும் தொலைபேசி எண்ணுமாக வாங்குங்கள். 'உரிய அதிகாரி' என்று தாளில் போட்டால் பிள்ளை யாரைத் தேடிப் போகும்?

#7 மாலைநேரம்

எல்லாருக்கும் நன்றி. இன்னொரு சிக்கல். போன வாரம் ஒரு பிள்ளை என்னிடம், "ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லக் கூடாது" என்று ஆரம்பித்தான். நான் சரி என்றேன். அவன் சொன்னது [இங்கே இருந்த விவரங்கள் நீக்கப்பட்டன]. இப்போது என்ன செய்வது?

#8 மட்டுறுத்துநர்

மேலே இருந்த வயது, குடும்ப விவரம், அந்தப் பிள்ளை சொன்னது எல்லாவற்றையும் நீக்கிவிட்டேன். நல்ல எண்ணத்தில்தான் எழுதினீர்கள், தெரியும். ஆனால் அந்த விவரங்களை வைத்து அவனைத் தெரிந்தவர்கள் அடையாளம் கண்டுவிடுவார்கள். அவனுடைய கதையை இங்கே யாரும் சொல்ல வேண்டாம், அது அவனுடையது.

#9 கறுப்பு அங்கி

மட்டுறுத்துநர் செய்தது சரி. இதுவே நல்ல பாடம்தான், பிரிவு 16, அதாவது அந்தரங்கம் பற்றி நீங்கள் பேச வேண்டியிருக்கிறதே.

விஷயத்துக்கு வருகிறேன். நீக்குவதற்கு முன் நான் படித்துவிட்டேன். இன்றே உங்கள் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள், காத்திருக்க வேண்டாம். ஆனால் அதற்கு முன் அவனிடம் போங்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று ஒத்துக்கொண்டது என் தப்பு. உனக்கு ஆபத்து என்றால் நான் சொல்லியே ஆக வேண்டும். இன்னாரிடம் மட்டும், இவ்வளவு மட்டும் சொல்லப்போகிறேன்" என்று நேராகச் சொல்லுங்கள். நம்பிப் பேச ஒருவர் பிள்ளைக்கு இருக்க வேண்டும் என்று சொல்லும் அதே ஐ.நா. நெறிகள், அந்த ரகசியத்தை எப்போது மீற வேண்டிவரும் என்பதையும் பிள்ளையிடம் சொல்லிவிடச் சொல்கின்றன. இனிமேல் "ரகசியமா?" என்று யாராவது கேட்டால், சரி என்பதற்கு முன்னாலேயே இதைச் சொல்லிவிடுங்கள்.

#10 பதினாறு

நான் இப்போது பராமரிப்பில்தான் இருக்கிறேன். ரொம்ப நாளாக இந்த இழையைப் படிக்கிறேன். நீங்கள் எல்லாரும் எங்களைப் பற்றிப் பேசுகிறீர்கள், நன்றாகத்தான் பேசுகிறீர்கள், ஆனால் எங்களைப் பற்றியே.

எனக்குக் கூட்டத்துக்குப் போகும் உரிமை இருக்கிறது என்று தெரியும். போயும் இருக்கிறேன். ஏழு பெரியவர்கள், ஒரு மேசை. 'இடமாற்றம்', 'நிலைத்தன்மை', 'நடத்தைச் சிக்கல்' என்று பேசினார்கள். கடைசியில் என்னைப் பார்த்து, "நீ ஏதாவது சொல்ல விரும்புகிறாயா?" என்று கேட்டார்கள். எனக்குத் தெரிய வேண்டியது பள்ளி மாறுமா என்பது மட்டும்தான். அதைக் கேட்டால் அசட்டுத்தனமாக இருக்குமோ என்று "இல்லை" என்றேன். கூட்டம் முடிந்தது. குறிப்பில் 'கருத்து கேட்கப்பட்டது' என்று இருக்கும்.

இன்னொன்று. என்னைப் பற்றி எழுதி வைத்திருப்பதை நான் படிக்கலாமா?

#11 பழைய கோப்பு

பதினாறு, அப்படிப்பட்ட மேசையில் ஏழு பேரில் ஒருவனாக நானும் எத்தனையோ முறை உட்கார்ந்திருக்கிறேன். கடைசியில் கேட்பது கேட்பதே இல்லை, நீ சொல்வது சரி.

அடுத்த கூட்டத்துக்கு முன் ஒரு தாளில் மூன்றே மூன்று விஷயம் எழுது. பள்ளிக்கூடம் முதல் வரியில் இருக்கட்டும். கூட்டத்துக்கு முந்தின நாள் உன் பணியாளரிடம் கொடுத்து, "இதை ஆரம்பத்திலேயே எடுத்துக்கொள்ளுங்கள்" என்று கேள். உனக்குப் பேச வரவில்லை என்றால் வாசிக்கச் சொல், அதுவும் நீ பேசியதாகத்தான் கணக்கு. உனக்குப் பிடித்த ஒருவர் பக்கத்தில் உட்காரலாமா என்று கேள். புரியாத சொல் வந்தால் கையைத் தூக்கு, அதற்கு வெட்கப்பட வேண்டியவர்கள் அந்தச் சொல்லைச் சொன்னவர்கள். எழுந்து போவதற்குள், என்ன முடிவானது, யார் எந்தத் தேதிக்குள் செய்வார்கள் என்று எழுதி வாங்கு.

கோப்பு விஷயம்: கேள். பல இடங்களில் பார்க்க முடியும், கேட்கும் முறை மட்டும் இடத்துக்கு இடம் மாறும். மற்றவர்களைப் பற்றிய வரிகளை மறைத்துத்தான் தருவார்கள். தனியாக உட்கார்ந்து படிக்காதே.

#12 மூன்றாம் வீட்டுக்காரி

அந்தக் கடைசி வரியை நான் வழிமொழிகிறேன். பத்தொன்பது வயதில் என் கோப்பை வாங்கினேன். பக்கத்துக்குப் பக்கம் கறுப்பு மையால் அடித்திருந்தது. ஒரு பக்கத்தில், 'சிறுமி ஒத்துழைக்கவில்லை, கேள்விகளுக்குப் பதில் அளிக்கவில்லை' என்று இருந்தது. தேதியைப் பார்த்ததும் ஞாபகம் வந்துவிட்டது. அன்றைக்கு எனக்குப் பல்வலி. கன்னம் வீங்கி வாயைத் திறக்க முடியவில்லை. வந்தவர் கேட்டிருந்தால் காட்டியிருப்பேன்.

அதற்குப் பின்னால் வந்த இரண்டு அறிக்கைகளில் 'ஒத்துழையாத சுபாவம்' என்று அதையே எடுத்து எழுதியிருந்தார்கள். ஒரு பல், பாருங்கள். கோப்பில் தப்பு இருந்தால் என் தரப்பையும் அதில் சேர்க்கும்படி கேட்கலாம் என்பதும் பிறகுதான் தெரிந்தது. கேட்டேன். ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன், இப்போது அந்தக் கோப்பில் பல்வலியும் இருக்கிறது.

மாலைநேரம், பெரிய பிள்ளைகளுக்கு இன்னொன்று கட்டாயம் சொல்லுங்கள். வெளியேறும் நாளில் கையில் என்னென்ன காகிதம் இருக்க வேண்டும் என்பது. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, மருத்துவப் பதிவுகள், பள்ளிச் சான்றிதழ்கள். என் தடுப்பூசி விவரம் இரண்டாவது வீட்டில் தங்கிப்போனது. அதைத் தேடி நான் அலைந்த கதை தனி.

#13 சும்மா ஒருவன்

எல்லாம் படித்தேன். வாசற்படி அம்மா சொன்ன தொலைபேசிக் கதைக்குப் பிறகு கொஞ்சம் யோசித்தேன். இரவில் போன் வாங்குவதை நான் விடப்போவதில்லை. ஆனால் அவன் அக்கா பேசும் நாளில் பேசி முடிந்த பிறகுதான் வாங்குகிறேன்.

எங்கள் பக்கமும் ஒன்று இருக்கிறது, அதையும் யாராவது எழுதுங்கள். எதற்கு நான் கையெழுத்துப் போடலாம், எதற்குக் கூடாது என்று எனக்கே யாரும் சொல்லவில்லை. பள்ளியில் ஒருநாள் சுற்றுலா. அனுமதிப் படிவத்தில் 'பெற்றோர்' என்று போட்டிருந்தது. நான் அலுவலகத்துக்கு அனுப்பினேன், அங்கிருந்து இன்னொரு அலுவலகத்துக்குப் போனது. அது திரும்பி வருவதற்குள் பேருந்து போய்விட்டது. அன்றைக்கு முழுக்க அவன் என்னோடு பேசவில்லை. நான் போட்டிருந்தால் தப்பா?

#14 கறுப்பு அங்கி

இடத்தைப் பொறுத்தது. நான் முன்பு சொன்ன அதே 2014 சட்டம் அமெரிக்காவில் இதற்குத்தான் ஒரு வழி செய்தது. பொறுப்புள்ள ஒரு பெற்றோர் தன் பிள்ளைக்கு எப்படி முடிவெடுப்பாரோ அப்படி, சுற்றுலா, விளையாட்டு, நண்பர் வீட்டில் தங்குவது போன்ற சாதாரண விஷயங்களில் வளர்ப்புப் பெற்றோரே முடிவெடுக்கலாம். உங்கள் இடத்தில் அப்படி இல்லையென்றால், பிள்ளை வரும்போதே அன்றாட விஷயங்களுக்கு எழுத்தில் ஒரு பொது ஒப்புதல் கேளுங்கள். மற்ற பிள்ளைகளைப் போல இருப்பதும் அவனுக்குச் சேர வேண்டியதுதான்.

#15 மாலைநேரம்

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். முதலில், அந்தப் பையன் விஷயத்தில் கறுப்பு அங்கி சொன்னபடியே செய்தேன். இரண்டு வாரம் என் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாவது வாரம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அதற்கு மேல் எழுத மாட்டேன்.

நான்கு பக்கத் தாளைக் கடைசியில் எடுக்கவே இல்லை. பெயர் போடாமல் கேள்வி எழுதிப் போட ஒரு அட்டைப்பெட்டி வைத்தேன். முதல் வாரம் மூன்று சீட்டு, அதில் ஒன்று என்னைக் கிண்டல் செய்து. இரண்டாவது வாரம் பெட்டி நிறைந்தது. என் அறைக்குள் கதவைத் தட்டாமல் வரலாமா? என் அம்மா செத்துப்போனால் என்னிடம் சொல்வார்களா? என் மதத்தை மாற்றச் சொன்னால் என்ன செய்வது? டைரியைப் படிப்பார்களா? பதினெட்டாவது பிறந்தநாளன்றே கிளம்பிவிட வேண்டுமா?

தெரிந்ததற்குப் பதில் சொன்னேன். தெரியாததற்கு, "தெரியாது, அடுத்த வாரம் கேட்டுக்கொண்டு வருகிறேன்" என்று பலகையில் எழுதிப் போட்டேன். எழுதிப் போட்டதால் கேட்டே ஆக வேண்டியதாயிற்று. அம்மா பற்றிய அந்தச் சீட்டுக்குப் பதில் வாங்க மூன்று பேரைப் பார்க்க வேண்டியிருந்தது.

தண்ணீர் கேட்ட பிள்ளை புதுத் தாளுக்கு முதல் வரி எழுதித் தந்தாள்: 'ராத்திரி தாகம் எடுத்தால் கேட்காமல் போய்க் குடிக்கலாம்.' எழுதிவிட்டு, "இதை என் வளர்ப்பு அம்மாவுக்கும் ஒண்ணு கொடுப்பீங்களா?" என்று கேட்டாள். வளர்ப்புப் பெற்றோருக்கென்று தனிப் பிரதி எடுத்தோம்.

#16 பதினாறு

எனக்குக் கூட்டம் வியாழக்கிழமை. மூன்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பள்ளிதான் முதலில். பணியாளர் ஆரம்பத்திலேயே வாசிப்பதாகச் சொன்னார்.

நான்காவதாக ஒன்று தோன்றுகிறது. மூன்றுக்கு மேல் எழுதலாமா?

#17 வாசற்படி

எழுது கண்ணா.